அருவி வரை யாரும் போகலாம்... ஏரிக்கு உடம்பு சம்மதிக்கணும்! சதோபந்த் மலையேற்றம் - ஒரு முழு வழிகாட்டி

சுத்துக்கேணிப் பக்கம் மேடு என்றால் சங்கராபரணி ஆற்றங்கரைதான். வில்லியனூர், பாகூர் என்று எந்தக் கொம்யூனைச் சுற்றி வந்தாலும் வயல், ஏரி, வாய்க்கால், மறுபடியும் வயல். மூச்சு வாங்க ஏறணும்னா செஞ்சிக்குப் போனால்தான் உண்டு. ஆனால், இந்தச் சமதரையில் வளர்ந்த பிள்ளைகளின் செல்போனில் இப்போது ஓடுவதெல்லாம் இமயமலை ரீல்ஸ். நீலப்பச்சை நிற ஏரி, பின்னால் பனிமலை, முன்னால் கையை விரித்து நிற்கும் ஒருத்தர். 'அடுத்த லீவுக்கு நாமளும் போறோம்டா' என்று வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிடுகிறது.

தாராளமாகப் போகலாம். ஆனால், கடல்மட்டத்தில் வாழ்கிற நமக்கும் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஒரு ஏரிக்கும் நடுவில் பெரிய தடையாக இருப்பது பாதையின் செங்குத்து இல்லை, காற்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்புவதுதான் ஆபத்து. ஒரே பயணத்தில் அருவி, பனியாறு, ஏரி மூன்றையும் காட்டும் சதோபந்த் பாதையை எடுத்துக்கொண்டு, நம்மூர்க்காரர்கள் அதற்கு எப்படித் தயாராவது என்று பார்ப்போம்.

சதோபந்த் எங்கே இருக்கிறது?

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு மேலே. பத்ரிநாத் தமிழர்களுக்குப் புது இடம் இல்லை. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திவ்ய தேசம். வைணவர்களுக்கு அது வதரியாச்சிராமம். நம்மூர்ப் பெரியவர்கள் பலர் யாத்திரை பஸ்ஸில் போய் வந்த ஊர்தான். அவர்கள் தரிசனம் முடித்துத் திரும்பும் இடத்திலிருந்துதான் இந்த நடை ஆரம்பிக்கிறது.

பத்ரிநாத்திலிருந்து 3 கி.மீ. போனால் மானா கிராமம். திபெத் எல்லைக்கு முன்னால் இருக்கும் ஊர். முன்பு 'இந்தியாவின் கடைசி கிராமம்' என்று பலகை வைத்திருந்தார்கள். 2023-ல் அதை 'முதல் கிராமம்' என்று மாற்றினார்கள். குளிர்காலத்தில் ஊர் மக்கள் கீழே இறங்கிவிடுவார்கள். அங்கே பனி எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 பிப்ரவரி 28-ம் தேதி மானா அருகே எல்லைச் சாலைத் தொழிலாளர்களின் முகாம்மீது பனிச்சரிவு விழுந்து 8 பேர் இறந்தார்கள்.

மானாவிலிருந்து சதோபந்த் ஏரி ஒருவழிக்கே 20 கி.மீ.க்கு மேல். உயரம் சுமார் 4,600 மீட்டர். மகாபாரதத்தில் பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்த வழி இதுதான் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஏரி முக்கோண வடிவில் இருக்கும். மூன்று மூலையிலும் பிரம்மா, விஷ்ணு, சிவன் தவம் செய்வதாகச் சொல்வார்கள்.

முதல் பாதி: வசுதாரா அருவி

மானாவைத் தாண்டியதும் சரஸ்வதி ஆறு பாறை இடுக்கில் இரைச்சலோடு பாயும். அதன்மேல் பாலம்போலக் கிடக்கும் பெரிய பாறைக்கு 'பீம் புல்' என்று பெயர். திரௌபதி ஆற்றைக் கடப்பதற்காகப் பீமன் தூக்கிப் போட்ட கல் என்பது கதை. அதைக் கடந்து அலக்நந்தா பள்ளத்தாக்கை ஒட்டியே 5, 6 கி.மீ. நடந்தால் வசுதாரா அருவி.

உயரம் சுமார் 400 அடி. அவ்வளவு உயரத்திலிருந்து விழுவதால் காற்று பலமாக அடித்தால் தண்ணீர் தரைக்கு வருவதற்குள் சாரலாகச் சிதறிவிடும். பாவம் செய்தவர்கள்மேல் இந்தத் தண்ணீர் படாது என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் காற்றாகத்தான் இருக்கும்!

பாதை தெளிவாக இருக்கும். பாதி தூரம் கல் பாவியது. பிறகு கற்கள் நிறைந்த ஏற்றம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் பத்ரிநாத் திரும்பிவிடலாம். நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் பொறுமையாக நடந்தால் போய்வரக்கூடிய தூரம்தான். நேரமோ உடம்போ இல்லாதவர்கள் இந்த அருவியோடு பயணத்தை முடித்துக்கொண்டாலும் அது முழுமையான ஒரு மலைப்பயணம்தான்.

ஏரிக்குப் போகிறவர்களும் இந்த அருவியைத் தனியாக ஒரு நாள் பார்த்துவிட்டு வருவது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

இரண்டாம் பாதி: ஏரி வரை

ஏரிக்குப் போகும் வழக்கமான பாதை ஆற்றின் எதிர்க்கரையில், மாதா மூர்த்தி கோயில் பக்கமிருந்து போகிறது. வசுதாரா அருவி இங்கிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும். முதலில் வருவது லட்சுமி வனம். சுமார் 3,700 மீட்டர் உயரம். பழைய காலத்தில் ஏடு எழுதப் பயன்படுத்திய பூர்ஜ மரங்கள் இங்கே வளர்கின்றன. மரம் என்று சொல்லிக்கொள்ள இதுதான் கடைசி இடம். இதற்கு மேல் நிழல் கிடையாது.

அடுத்தது சஹஸ்ரதாரா. பெயருக்கு ஏற்றபடி பாறைச் சுவரிலிருந்து ஏகப்பட்ட நீரோடைகள் இறங்கும். அவற்றைக் காலையில் கடப்பது நல்லது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடலாம்.

பிறகு சக்கரதீர்த்தம். மலைகளுக்கு நடுவில் கிண்ணம்போல ஒரு புல்வெளி. 4,000 மீட்டரைத் தாண்டிவிட்டோம். பெரும்பாலான குழுக்கள் கூடாரம் போடும் இடம் இது.

இங்கிருந்து ஏரிக்குப் போகும் கடைசி 4, 5 கி.மீ.தான் உண்மையான சோதனை. செங்குத்தான மேடு ஒன்றில் ஏறணும். அதன்பிறகு பாதை என்று எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் பாறைக் குவியல். ஒவ்வொரு கல்லாகக் கால் வைத்துத் தாண்டணும். சில கற்கள் மிதித்ததும் ஆடும். வழி தெரிந்தவர்கள் கல்லின்மேல் கல் அடுக்கி வைத்த அடையாளத்தைப் பார்த்துத்தான் போவார்கள். மேகம் இறங்கினால் அந்த அடையாளமும் தெரியாது. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இங்கே போகக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மேட்டைத் தாண்டியதும் கீழே ஏரி. சுற்றிலும் நீலகண்ட், பாலாகுன், 7,138 மீட்டர் உயரமுள்ள சௌகம்பா சிகரங்கள்.

பனியாற்று ஏரின்னா என்ன?

மலை உச்சியில் வருஷக்கணக்கில் சேரும் பனி இறுகி, தன் எடையாலேயே மெதுவாகக் கீழே நகரும். அதுதான் பனியாறு. நகரும்போது பாறைகளைப் பெயர்த்து, அரைத்து, இருபுறமும் முன்னாலும் மேடாக ஒதுக்கிவைக்கும். நம்மூர் ஏரிக்கு மனிதர்கள் கரை போட்ட மாதிரி, அங்கே பனியாறே கரை போட்டுவிடுகிறது. அந்த மேடுகளுக்கு இடையில் உருகிய தண்ணீர் தேங்கினால் பனியாற்று ஏரி. அரைபட்ட பாறைத் தூள் தண்ணீரில் மிதப்பதால்தான் இப்படிப்பட்ட ஏரிகள் பலவற்றுக்கு அந்த நீலப்பச்சை நிறம்.

சதோபந்த், பாகீரத் கரக் என்ற இரண்டு பனியாறுகள் சேரும் இடத்தில்தான் அலக்நந்தா பிறக்கிறது. தேவப்பிரயாகையில் அதுவும் பாகீரதியும் கலந்த பிறகுதான் 'கங்கை' என்ற பெயரே வருகிறது.

கல்லும் மண்ணும் சேர்ந்த இந்த இயற்கைக் கரை எப்போதும் உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே இருந்த சோராபாரி ஏரி பெருமழையில் உடைந்ததும், 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து ஓர் அணையையே அடித்துச் சென்றதும் அப்படித்தான். எனவே, ஏரிக்கரையின் சரிவான ஓரத்தில் நின்று செல்ஃபி எடுப்பது வேண்டாம்.

4,600 மீட்டரில் உடம்புக்கு என்ன நடக்கும்?

மேலே போனாலும் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான். ஆனால், காற்றழுத்தம் குறைந்துவிடும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன், 4,600 மீட்டரில் கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. உடம்பு இதற்குப் பழகும். வேகமாக மூச்சுவிடும், ரத்தத்தில் மாற்றங்கள் செய்யும். ஆனால், அதற்கு நாள் வேணும்.

அந்த நாளைக் கொடுக்காமல் ஏறினால் வருவதுதான் மலைநோய். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி. ஹேங்ஓவர் மாதிரி இருக்கும் என்பார்கள். இந்தக் கட்டத்தில் ஏறுவதை நிறுத்தி ஓய்வெடுத்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும். அலட்சியப்படுத்தி மேலே ஏறினால் இரண்டு விதமாக முற்றலாம்.

* நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், விடாத இருமல், உதடு நீலமாகும்.
* மூளை வீங்குவது: குழப்பமான பேச்சு, தள்ளாட்டம். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலும் விரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஆபத்து.

இரண்டுமே உயிரைப் பறிக்கும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. 'ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம். தினமும் ஜிம்முக்குப் போகிறேன், மாரத்தான் ஓடுகிறேன் என்பதெல்லாம் மலைநோயிலிருந்து காப்பாற்றாது. சொல்லப்போனால், உடல்வலு உள்ள இளைஞர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்வார்கள். வலு பாதையைக் கடக்க உதவும். உயரத்தைக் கடக்க நாள்கள்தான் உதவும்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைச் சிலர் முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறார்கள். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பிரச்னை தரலாம். டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதயப் பிரச்னை உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஜிப்மரிலோ தங்கள் குடும்ப டாக்டரிடமோ பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

நாள் கணக்கை இப்படிப் போடுங்க

3,000 மீட்டருக்கு மேல் போனபிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. இதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. இதை வைத்து ஒரு திட்டம்:

* நாள் 1: ரிஷிகேஷ் - ஜோஷிமட். சாலை வழி. ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். (இப்போது அதிகாரபூர்வப் பெயர் ஜோதிர்மட்.) இரவு இங்கே.
* நாள் 2: பத்ரிநாத், சுமார் 3,100 மீட்டர். தரிசனம், ஓய்வு. வேறு எதுவும் வேண்டாம்.
* நாள் 3: மானா வரை மெதுவாக ஒரு நடை. இரவு பத்ரிநாத்.
* நாள் 4: வசுதாரா அருவி போய்த் திரும்பி, மறுபடியும் பத்ரிநாத்திலேயே தூக்கம். உயரத்துக்குப் போய்விட்டுத் தாழ்வான இடத்தில் தூங்குவது உடம்பைப் பழக்க நல்ல வழி. அருவிக்குத் தனி நாள் ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான்.
* நாள் 5: லட்சுமி வனம்.
* நாள் 6: சக்கரதீர்த்தம்.
* நாள் 7: விடியற்காலையில் கிளம்பி ஏரி. திரும்பி வந்து சக்கரதீர்த்தத்தில் தங்கல்.
* நாள் 8: மானா, பத்ரிநாத்.
* நாள் 9, 10: கைவசம் வைத்திருக்க வேண்டிய உபரி நாள்கள்.

லட்சுமி வனத்திலும் சக்கரதீர்த்தத்திலும் ஏற்றம் 500 மீட்டரை ஒட்டியோ சற்றுக் கூடவோ வருவதால், உடம்பு சரியில்லை என்று தோன்றினால் அங்கேயே இன்னொரு இரவு தங்க வேண்டும். அந்த உபரி இரண்டு நாள் இதற்குத்தான். ஆபீஸ் லீவு கிடைக்கவில்லை என்று முதலில் வெட்டப்படுவது இந்த நாள்கள்தான். வெட்டுவதாக இருந்தால் ஏரியை வெட்டிவிடுங்கள். அருவியோடு திரும்பலாம்.

நம்மூரிலேயே பயிற்சி

குறைந்தது 12 வாரம் வேணும்.

* முதல் 4 வாரம்: வாரத்தில் 5 நாள், தினமும் 5 கி.மீ. வேக நடை. ரோட்டைவிட ஆற்றங்கரை, வயல் வரப்பு நல்லது. வரப்பில் நடக்கும்போது கணுக்காலும் உடலின் சமநிலையும் பழகும். கடைசி நாள் பாறைக் குவியலில் அதுதான் கைகொடுக்கும்.
* அடுத்த 4 வாரம்: முதுகுப் பையில் 5 கிலோ அரிசி. தினமும் 8 கி.மீ. இடையில் படிக்கட்டு ஏறி இறங்குவது. ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை. ராஜகிரி சுமார் 800 அடி. ஏறுவதைவிட இறங்கும்போது முழங்காலைக் கவனியுங்கள். மலையில் வலி வருவது இறக்கத்தில்தான்.
* கடைசி 4 வாரம்: 8 கிலோ பையோடு ராஜகிரியை ஒரே நாளில் இரண்டு முறை. ஒரு நாள் திருவண்ணாமலை கிரிவலம், 14 கி.மீ. முடிந்தால் பர்வதமலை ஒருமுறை. கடப்பாரைப் படியும் சங்கிலியும் பிடித்து ஏறும் அனுபவம் உயர பயத்தைச் சோதித்துவிடும்.

காட்டுக்குள் நடந்து பழக விரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாடு வனத்துறையின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் இருக்கிறது. 2024-ல் 40 பாதைகளோடு தொடங்கியது. வழிகாட்டியோடுதான் அனுப்புவார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தபிறகு, அனுமதியில்லாமல் மலையேறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்கே தெரியும்.

பையில் என்னென்ன?

* ஏற்கெனவே நடந்து பழகிய, கணுக்காலை மூடும் ஷூ. புது ஷூவை மலையில் முதல்முறை போட்டால் கொப்புளம் உறுதி.
* ஜீன்ஸ், பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, குளிரில் ஈர உடைதான் எதிரி. சீக்கிரம் காயும் உள்ளாடை, கம்பளி அல்லது ஃப்ளீஸ், மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். இப்படி மூன்று அடுக்கு.
* குல்லாய், கையுறை, நாலு ஜோடி சாக்ஸ்.
* கறுப்புக் கண்ணாடி. ஸ்டைலுக்கு இல்லை. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும்.
* நெற்றியில் கட்டும் டார்ச், ஊன்றுகோல், விசில்.
* கடலை மிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலை, அவல். மானாவுக்கு மேல் கடை கிடையாது.
* ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பாராசிட்டமால், கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், தினமும் போடும் மாத்திரைகள்.
* குப்பையைத் திருப்பி எடுத்து வர ஒரு பை. ஏரியில் துரும்பு விழுந்தால்கூடப் பறவைகள் வந்து எடுத்துவிடும் என்று அங்கே நம்புகிறார்கள். நம்ம சிப்ஸ் கவரை எடுக்கும் வேலையை அந்தப் பறவைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

தண்ணீர் தினமும் 3 லிட்டராவது குடிக்கணும். மேலே தாகம் தெரியாது. மது, தூக்க மாத்திரை இரண்டும் அறவே கூடாது.

எப்போது போகலாம்? அனுமதி?

பத்ரிநாத் கோயில் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் திறந்து நவம்பரில் மூடும். ஜூனில் பாதையில் பழைய பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் ரிஷிகேஷ் சாலையே மண்சரிவில் அடைபடும். செப்டம்பர் இரண்டாம் பாதியும் அக்டோபர் தொடக்கமும்தான் பொதுவாக நல்ல காலம். அப்போதும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

பத்ரிநாத் யாத்திரைக்கு உத்தராகண்ட் அரசின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஏரிக்குப் போக அது போதாது. ஜோஷிமட்டில் உள்ள சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட் அலுவலகம், வனத்துறை இரண்டிலும் அனுமதி வாங்க வேண்டும். விதிமுறை சீசனுக்கு சீசன் மாறக்கூடும். கிளம்பும் முன் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அடையாள அட்டை நகல், போட்டோ, மருத்துவச் சான்றிதழ் மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியையும் சுமை தூக்குபவர்களையும் உள்ளூரிலேயே அமர்த்தலாம். அவர்களுக்கும் சரியான உடையும் கூடாரமும் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

இன்ஷூரன்ஸ் எடுத்தால், மலையேற்றமும் எத்தனை மீட்டர் உயரம் வரை என்பதும் பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

எப்போது திரும்பணும்?

2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் இன்னொரு மலை ஏரியான சஹஸ்த்ர தாலுக்குப் போன 22 பேர் கொண்ட குழு, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் இறந்தார்கள். பெங்களூருவிலிருந்து கிளம்பிய குழு அது. நம்மைப் போலவே தெற்கிலிருந்து, நம்மைப் போலவே ஆசையோடு போனவர்கள். மலையேறிப் பழக்கம் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து மற்ற 13 பேரைக் கொண்டுவந்தன. ஆனால், வானம் தெளிந்தால்தான் ஹெலிகாப்டர் வரும் என்பதை மறக்கக் கூடாது.

அதனால், திரும்புவதற்கான விதிகளை ஊரிலேயே, எல்லோரும் உட்கார்ந்து பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேலே போனபிறகு மூளைக்கே ஆக்சிஜன் குறைவு. அங்கே உட்கார்ந்து நல்ல முடிவு எடுக்க முடியாது.

* ஏரிக்குப் போகும் நாளில், காலை 11 மணிக்குள் ஏரி வரவில்லை என்றால் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பணும். மதியத்துக்கு மேல் மலையில் வானிலை மாறுவது வழக்கம்.
* ஒருத்தருக்குத் தலைவலியோடு வாந்தி வந்தால் அன்று குழுவே ஏறாது.
* தள்ளாட்டமோ, சும்மா இருக்கும்போது மூச்சு வாங்குவதோ தெரிந்தால், இரவாக இருந்தாலும் துணையோடு இறங்கணும். தனியாக அனுப்பக் கூடாது.
* வழிகாட்டி 'வேண்டாம்' என்றால் வேண்டாம். பணம் கட்டியாச்சு என்று வாதாடக் கூடாது.
* மானாவுக்கு மேல் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. எந்தத் தேதிக்குள் போன் வரவில்லை என்றால் யாருக்குச் சொல்வது என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் தாளில் வழிகாட்டியின் எண், ஜோஷிமட் போலீஸ் நிலைய எண், உபரி நாள்களையும் சேர்த்த திரும்பும் தேதி மூன்றும் இருக்கட்டும். முன்கூட்டிய தேதியைச் சொல்லிவிட்டுப் போனால், அந்தத் தேதிக்குத் திரும்பியே ஆகணும் என்ற அவசரம் உங்களைத் தொற்றிக்கொள்ளும்.